ஏகாதசி 36 மணி நேரம்: காலி வயிற்றின் சேதியை மூளைக்கு யார் கொண்டுபோகிறார்கள்?

நாழிகை

தசமி இரவு 7 மணிக்குச் சாப்பாடு முடிகிறது. ஏகாதசி முழுக்கத் தண்ணீர் மட்டும். துவாதசி காலை 7 மணிக்குப் பாரணை. மொத்தம் 36 மணி நேரம். இந்த நேரத்துக்குள் உடல் மூளைக்கு என்னென்ன சேதி அனுப்புகிறது, எந்த வழியாக அனுப்புகிறது என்பதை முறையாகப் பேசலாம் என்று இழையைத் திறக்கிறேன்.

எனக்கு முக்கியமாக இடிப்பது ஒன்று. பசி நேர்கோடாக ஏறுவதில்லை. ஏகாதசி மதியம் 1 மணிக்கு வயிற்றைப் பிசையும்; 3 மணிக்கு அடங்கிவிடும். இரவு 8 மணிக்கு மறுபடி வரும். துவாதசி விடிகாலையில், அதுவரை இருந்ததிலேயே நீண்ட பட்டினி நிற்கும்போது, பசி குறைவு. எரிபொருள் குறையக் குறையப் பசி கூடவேண்டும் என்றால் இங்கே கணக்கு உதைக்கிறது. "கிரெலின் பசி ஹார்மோன், லெப்டின் நிறைவு ஹார்மோன்" என்று எல்லாரும் சொல்லும் ஒற்றை வரியும் இதற்கு விடை தரவில்லை.

வில்மேடு

இடத்திலிருந்து தொடங்குவோம். மூளையின் அடிப்பக்கத்தில் ஹைப்போதலாமஸ். அதற்குள் மூன்றாம் மூளையறையின் இரு கரையிலும் ஆர்க்குவேட் என்ற சிறு நரம்பணுத் திரள். மூளைக்குள் பெரும்பாலான இடங்களில் ரத்தக்குழாய்ச் சுவர் இறுக்கமாக அடைத்திருக்கும். இன்சுலின், லெப்டின் மாதிரி புரதங்கள் அங்கே சும்மா நுழைய முடியாது. ஆர்க்குவேட்டை ஒட்டியுள்ள மீடியன் எமினென்ஸ் பகுதியில் அந்தச் சுவரில் நுண்துளைகள் உண்டு. ரத்தத்தில் என்ன ஓடுகிறதோ அது கிட்டத்தட்ட நேராக இந்த நரம்பணுக்களுக்குத் தெரியும். பட்டினி போட்ட எலிகளில் இந்தத் துளைகள் கூடுவதை 2013-இல் காட்டினார்கள். சேதி குறையும் நேரத்தில் கதவு இன்னும் கொஞ்சம் திறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே எதிரெதிராக வேலை செய்யும் இரண்டு கூட்டங்கள். ஏஜிஆர்பி நரம்பணுக்கள் உணவைத் தேடு என்று தள்ளும், உடலின் ஆற்றல் செலவைக் குறைக்கும். பிஓஎம்சி நரம்பணுக்கள் போதும் என்று சொல்லும், செலவைக் கூட்டும். இன்சுலினும் லெப்டினும் ஏஜிஆர்பியை அமுக்கும், பிஓஎம்சியைத் தூண்டும். கிரெலின் நேர் எதிர்.

இப்போது முக்கியமான இடம். பட்டினியின் சேதி பெரும்பாலும் ஒரு பொருள் *வருவதால்* போவதில்லை. வந்துகொண்டிருந்த பொருள் *நின்றுபோவதால்* போகிறது. தினமும் ஏழு மணிக்கு வரும் பால்காரர் வரவில்லை என்பதே சேதி ஆகிற மாதிரி.

கொழுப்பணுக்கள் சுரக்கும் லெப்டினை எடுங்கள். 1994-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு இதைக் கண்டுபிடித்தபோது, உடல் பருமனைத் தடுக்கும் ஹார்மோன் என்றுதான் உலகம் கொண்டாடியது. 1996-இல் பாஸ்டனில் ஜெஃப்ரி ஃப்ளையர் குழு வேறு கோணத்தில் பார்த்தது. பட்டினி போட்ட எலிகளுக்கு லெப்டினை மட்டும் ஊசியில் கொடுத்தார்கள். வயிறு காலி, ஆனால் ரத்தத்தில் லெப்டின் இருக்கிறது. பட்டினியில் வழக்கமாக வரும் தைராய்டு இறக்கம், இனப்பெருக்க ஹார்மோன்களின் இறக்கம், அட்ரினல் சுரப்பியின் ஏற்றம் எல்லாம் பெருமளவு மட்டுப்பட்டன. லெப்டினின் பழமையான வேலை "கொழுப்பு அதிகம்" என்று சொல்வதைவிட "பஞ்சம் வந்துவிட்டது" என்று, தன் இறக்கத்தால், சொல்வதுதான் என்ற பார்வை அதிலிருந்து வலுப்பட்டது.

36 மணி நேரத்தில் எரியும் கொழுப்பு ஏறத்தாழ கால் கிலோ. 60 கிலோ எடையுள்ளவரிடம் கொழுப்பே 12, 15 கிலோ இருக்கும். இருப்பு அநேகமாக அப்படியே இருக்கிறது. ஆனால் ரத்தத்தில் லெப்டின் பாதிக்கும் கீழே போய்விடுகிறது. காரணம், கொழுப்பணு லெப்டினைச் சுரப்பதற்குத் தன் பருமன் மட்டும் போதாது. இன்சுலினும் குளுக்கோஸ் வரத்தும் வேண்டும். அவை இறங்கியதும் சுரப்பு இறங்குகிறது. ஆக, வழக்கமான நாளில் லெப்டின் கிடங்கு இருப்பைச் சொல்கிறது. விரத நாளில் வரத்து நின்றதைச் சொல்கிறது. ஒரே ஹார்மோன், இரண்டு செய்தி. பாடநூல்களில் இந்த வேறுபாடு அழுத்தமாக வருவதில்லை என்பது என் நீண்டநாள் குறை.

கஞ்சிப்பானை

அருமை. ஆனால் வீட்டில் எல்லாரும் சொல்வது "சுகர் இறங்கிடுச்சு, அதான் பசி, படபடப்பு" என்றுதானே? ரத்தச் சர்க்கரைக்கு இதில் பங்கே இல்லையா?

சர்க்கரைமேசை

பங்கு உண்டு. ஆனால் நலமான உடலில் அது கடைசி எச்சரிக்கை மணி. அந்த மணி அடிக்கும் அளவுக்கு ஏகாதசி போவதில்லை.

மூளை ஒரு நாளைக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் எரிக்கும். மணிக்கு ஏறத்தாழ 5 கிராம். உடல் எடையில் 2 சதவீதம் உள்ள உறுப்பு, ஓய்வுநேரச் செலவில் ஐந்தில் ஒரு பங்கைக் கேட்கிறது. நன்றாகச் சாப்பிட்டவரின் கல்லீரலில் கிளைக்கோஜன் (சேமித்துவைத்த குளுக்கோஸ்) 80 முதல் 100 கிராம். தசைகளில் நானூறு கிராம் வரை இருந்தாலும் அது ரத்தத்துக்கு வராது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றி வெளியே விடும் நொதி தசையில் இல்லை. ஏகாதசி விடியும்போது கல்லீரல் இருப்பு கணிசமாகக் கரைந்திருக்கும். அன்று இரவுக்குள் அநேகமாகத் தீரும். அதற்குள்ளேயே கல்லீரல் லாக்டேட், கிளிசரால், அலனைன் போன்றவற்றிலிருந்து புதிதாகக் குளுக்கோஸ் செய்யத் தொடங்கியிருக்கும். சிறுநீரகமும் உதவும்.

இன்சுலின் இறங்கி, அதற்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் ஏறினாலே இந்த ஆலை ஓடும். அதனால் 36-ஆவது மணியிலும் ரத்தச் சர்க்கரை பெரும்பாலோருக்கு 65 முதல் 80 மி.கி./டெ.லி. என்ற அளவில் நிற்கும். இறங்கும்போது நடப்பது படிப்படியாக: 80 சுற்றில் இன்சுலின் சுரப்பு அடங்கும், 65, 70-இல் குளுக்ககானும் அட்ரினலினும் பாயும், 55-க்குக் கீழே வியர்வை, நடுக்கம், படபடப்பு, 50-க்கும் கீழே யோசனை தடுமாறும். ஹைப்போதலாமஸின் நடுப்பகுதியிலும் பின்மூளையிலும் குளுக்கோஸை அளக்கும் நரம்பணுக்கள் உண்டு. சிலவற்றில் கணையத்தின் பீட்டா செல்லில் உள்ள அதே குளுக்கோகைனேஸ் நொதியும், அதே பொட்டாசியம் வாயிலும் இருக்கின்றன.

ஒரு விதிவிலக்கு. 72 மணி நேரப் பட்டினியில் நலமான பெண்கள் சிலருக்குச் சர்க்கரை 50-க்குக் கீழே போயும் எந்தத் தொந்தரவும் இல்லாமல் இருப்பது பதிவாகியிருக்கிறது. எண்ணை மட்டும் பார்த்துப் பதற வேண்டாம். எண்ணும் அறிகுறியும் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவருக்கு நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

நாழிகை

அப்படியானால் மதியம் 1 மணிப் பசி எங்கிருந்து வருகிறது? சர்க்கரை நிலையாக இருக்கிறது. லெப்டின் மெல்ல இறங்குகிறது; அது அலை அலையாக ஏறி இறங்காதே.

வில்மேடு

கிரெலின். 1999-இல் ஜப்பானில் மசயாசு கோஜிமாவும் கென்ஜி கங்காவாவும் இரைப்பையில் கண்டுபிடித்தது. இதில் ஒரு விசித்திரம் உண்டு: எட்டுக் கரிம அணுக்கள் கொண்ட ஆக்டனாயிக் அமிலம் இதன் மூன்றாவது அமினோ அமிலத்தில் ஒட்டினால்தான் தன் ஏற்பியைத் தூண்டும். ஒட்டும் வேலையைச் செய்யும் நொதியை 2008-இல் அடையாளம் கண்டார்கள். பரிசோதனையில் "மொத்தக் கிரெலின்" அளவை மட்டும் பார்த்துவிட்டுப் பசியைப் பற்றித் தீர்ப்புச் சொல்பவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒட்டியது எவ்வளவு என்று பார்க்கவேண்டும். ரத்தம் எடுத்தவுடன் நொதித் தடுப்பான் சேர்த்துக் குளிரில் வைக்காவிட்டால் அது சிதைந்துவிடும்.

கிரெலின் வழக்கமான சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஏறுகிறது. சாப்பிடாவிட்டாலும் கொஞ்ச நேரத்தில் தானே இறங்குகிறது. 24 மணி நேரம் உணவே தராமல் இடைவிடாது ரத்தம் எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் காலை, மதியம், இரவு நேரங்களை ஒட்டி இந்த மேடுகள் தெரிந்தன. உங்கள் மதியம் 1 மணி அதுதான். வயிறு வருடக்கணக்கில் கற்றுக்கொண்ட நேரம் அடிக்கிறது. தாக்குப்பிடித்தால் 3 மணிக்குள் அலை வடிகிறது.

துவாதசி விடிகாலைக்கு இன்னொரு காரணம் உண்டு. வெளிச்சம், தூக்கம், உணவு எல்லாவற்றையும் கட்டுக்குள் வைத்து உடல் கடிகாரத்தை மட்டும் பிரித்துப் பார்த்த ஆய்வில், பசி மிகக் குறைவது காலை 8 மணி அளவில், மிக உயர்வது இரவு 8 மணி அளவில் என்று வந்தது. கடைசியாகச் சாப்பிட்டு எத்தனை மணி ஆயிற்று என்பதோடு அதற்குத் தொடர்பில்லை. ஆகவே 25-ஆவது மணியில் ஏகாதசி இரவுப் பசி உச்சம். 35-ஆவது மணியில் தணிவு. கணக்கு உதைக்கவில்லை, இரண்டு கடிகாரங்களை ஒன்றாகப் படித்ததுதான் குழப்பம்.

எலிக்கூண்டு

ஏஜிஆர்பி நரம்பணு பற்றி ஒன்று சேர்க்கவேண்டும். இவற்றை 2011-இல் ஒளியாலும் வேதிப்பொருளாலும் தூண்டிப் பார்த்தார்கள்: வயிறு நிறைந்த எலியும் சில நிமிடங்களில் பாய்ந்து தின்றது. முதிர்ந்த எலியில் இவற்றை அழித்தால் அது தின்னாமல் பட்டினியில் மெலிந்தது. அதுவரை எல்லாரும் எதிர்பார்த்த மாதிரிதான். 2015-இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் சாக்கரி நைட் ஆய்வகம் விழித்திருக்கும் எலியின் மூளையில் இவற்றின் துடிப்பை நேரடியாகப் பதிவு செய்தது. பசித்த எலியின் முன் உணவை வைத்ததும், அது ஒரு கடி கடிப்பதற்கு முன்பே, சில நொடிகளில் துடிப்பு சரிந்தது! சத்து ரத்தத்துக்குப் போகும்வரை மூளை காத்திருக்கவில்லை, வரப்போவதைக் கணித்துவிட்டது. உணவை எடுத்துவிட்டால் பழையபடி ஏறிவிடும்.

2017-இல் அடுத்த படி. குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் சத்தைச் செலுத்தினால், உள்ளே போன கலோரிக்கு ஏற்பத் துடிப்பு இறங்கி, இறங்கியே நின்றது. இனிப்புச் சுவை மட்டும் உள்ள, கலோரி இல்லாத பொருள் அப்படி நிறுத்தவில்லை. கண்ணும் மூக்கும் தருவது முன்பணம். குடல் தருவதுதான் மீதித்தொகை. சர்க்கரை இல்லாத எலுமிச்சைச் சாறு கொஞ்ச நேரம் தணித்துப் பிறகு கைவிடுவது ஏன் என்று இதிலிருந்து புரியும். வயிறு தண்ணீரால் விரிவதை, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு மூளைத்தண்டுக்குச் சொல்லும். தண்ணீர் இறங்கிப்போனதும் அந்தச் சேதியும் போய்விடும்.

இன்னொன்று, எஃப்ஜிஎஃப்-21. பட்டினியில் கல்லீரல் சுரக்கும் ஹார்மோன். மூளைக்குள் போய் இனப்பெருக்கத்தையும் உடல் கடிகாரத்தையும் மாற்றுகிறது. 36 மணி விரதத்தில் இதுதான் தலைமைத் தூதர் என்று நினைக்கிறேன்.

வில்மேடு

> 36 மணி விரதத்தில் இதுதான் தலைமைத் தூதர்

எலியில் சரி. மனிதரில் இல்லை. எலியில் சில மணி நேரத்தில் எகிறும். மனிதரில் ஒரு வாரம், பத்து நாள் முழுப்பட்டினி போனால்தான் தெளிவாக ஏறுகிறது. மனிதரில் இதை வேகமாக ஏற்றுவது புரதம் குறைந்த உணவு, அதிகச் சர்க்கரை, மது. எனவே ஏகாதசிக் கணக்கில் இதைச் சேர்க்கக்கூடாது.

பொதுவாகவே எலி ஆய்வின் மணியை மனித மணியாகப் படிப்பது இந்தத் துறையின் பெரிய நோய். 25 கிராம் எலி ஒரு நாள் பட்டினியில் உடல் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் இழந்துவிடும். 60 கிலோ மனிதர் ஒரு நாளில் 6 கிலோ இழப்பதில்லை.

எலிக்கூண்டு

ஏற்றுக்கொள்கிறேன். எழுதும்போதே இனத்தைக் குறித்திருக்கவேண்டும்.

கஞ்சிப்பானை

கொழுப்பு எரியும்போது கல்லீரல் செய்யும் கீட்டோன் பற்றி யாரும் பேசவில்லையே? விரதத்தில் மூளை "கீட்டோனுக்கு மாறிவிடுகிறது", அதனால் தெளிவும் பசியின்மையும் வருகிறது, 16 மணியில் தன்னுண்ணல் (செல் தன் பழைய பாகங்களைத் தானே செரிப்பது) தொடங்குகிறது என்று காணொளிகளில் அடித்துச் சொல்கிறார்கள்.

சர்க்கரைமேசை

மூன்று கூற்று. ஒவ்வொன்றாக.

மூளை கீட்டோனை எரிக்கும் என்பது உண்மை. 1967-இல் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹில் குழு, பல வாரம் மருத்துவமனையில் பட்டினி இருந்த மூவரின் மூளைக்குப் போகும் ரத்தத்தையும் திரும்பி வரும் ரத்தத்தையும் ஒப்பிட்டு அளந்தது. மூளையின் எரிபொருளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு கீட்டோன் வகையாக இருந்தது. மூளை குளுக்கோஸ் மட்டுமே எரிக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு போயிற்று. ஆனால் அது ஐந்தாறு வாரப் பட்டினி. ரத்தத்தில் முக்கியக் கீட்டோனான பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் லிட்டருக்கு 5 மில்லிமோல் சுற்றில் இருந்த நிலை. மூளை எவ்வளவு எடுக்கும் என்பது ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மில்லிமோலுக்கு எரிபொருளில் தோராயமாகப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஓர் இரவுப் பட்டினியில் 0.1 முதல் 0.3 மில்லிமோல். துவாதசி காலையில் பெரும்பாலோருக்கு ஒன்றைச் சுற்றி. ஆகவே ஏகாதசியில் மூளை மாறவில்லை. வாசலைத் தொட்டிருக்கிறது, அவ்வளவே.

மாறுவதன் பயன் தசைக்கு. பட்டினியின் முதல் நாட்களில் சிறுநீரில் நாளைக்கு ஏறத்தாழ 12 கிராம் நைட்ரஜன் போகும். ஒரு கிராம் நைட்ரஜன் என்றால் 6.25 கிராம் புரதம். 75 கிராம் புரதம் கரைகிறது. பல வாரத்துக்குப் பின் 3, 4 கிராமாக இறங்கும். மூளை கீட்டோனை ஏற்றுக்கொண்டதால் குளுக்கோஸ் தேவை நாளைக்கு 40 கிராம் அளவுக்குக் குறைந்து, தசை தப்பிக்கிறது.

பசியின்மை: கீட்டோன் எஸ்டர் பானம் குடித்து ரத்த அளவை 3 மில்லிமோலுக்கு ஏற்றியவர்களில் கிரெலினும் பசியும் இறங்கின. ஒரு மில்லிமோலில் அதே விளைவு என்று சொல்ல ஆதாரம் இல்லை. துவாதசிக் காலைத் தணிவுக்கு உடல் கடிகார விளக்கமே போதும்.

தன்னுண்ணல்: 2016 நோபல் பரிசு யோஷினோரி ஓசுமிக்குக் கிடைத்தது ஈஸ்ட்டில் செய்த அடிப்படைக் கண்டுபிடிப்புக்கு. உயிரோடிருக்கும் மனிதரின் மூளையில் இதை மணிக்கணக்காக அளக்கும் சோதனையே கிடையாது. "16 மணி" என்ற எண்ணை யாரும் மனித மூளையில் அளந்து சொல்லவில்லை.

சிறுநீர்ப் பட்டை வைத்துச் சோதிப்பவர்களுக்கு: அது அசிட்டோஅசிட்டேட் என்ற இன்னொரு கீட்டோனைக் காட்டும், ரத்தத்தில் அதிகமாக உள்ள பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட்டைக் காட்டாது. தண்ணீர் குறைவாகக் குடித்திருந்தால் நிறம் அடர்த்தியாகத் தெரியும். விரல் நுனி ரத்தத்தில் அளக்கும் கருவிதான் நம்பத்தக்கது.

ஆய்வகக்குடுவை

விரதத்துக்கு மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு வருபவர்களுக்காக இதை எழுதுகிறேன். "வெறும் வயிற்றில் வா" என்றால் 8 முதல் 12 மணி நேரம். "36 மணி இருந்தால் இன்னும் நல்லது" என்று நினைப்பது தவறு. லெப்டின் இறங்கியதும் ஹைப்போதலாமஸ் தைராய்டுக்கான கட்டளையைக் குறைக்கிறது. ஈரலிலும் தைராய்டு ஹார்மோனான டி4 செயலற்ற தலைகீழ் டி3-ஆக மாறும் வழி கூடுகிறது. செயல்படும் வடிவமான டி3 இறங்கத் தொடங்கும். மூன்று நாள் பட்டினியில் பாதியை நெருங்கும். தைராய்டைத் தூண்டும் டிஎஸ்ஹெச் ஏறாது. சுரப்பி பழுதானால் டிஎஸ்ஹெச் ஏறியிருக்கும். இங்கே மூளையே தணித்துவைத்திருக்கிறது. அதைத் தைராய்டு நோய் என்று படித்து மாத்திரை தொடங்குவது பிழை.

ரத்தத்தில் மஞ்சள் நிறமியான பிலிருபின் ஒன்றரை, இரண்டு மடங்கு ஆகலாம். கில்பர்ட் வகை உடல்வாகு (பிறவியிலேயே பிலிருபின் சற்று அதிகம்) உள்ளவருக்குக் கண் மஞ்சளாகவே தெரியும். யூரிக் அமிலமும் ஏறும். சிறுநீரகக் குழாயில் கீட்டோன்களும் யூரிக் அமிலமும் ஒரே வழிக்குப் போட்டியிடுகின்றன. கவுட் வாதம் உள்ளவருக்கு விரதம் முடிந்த கையோடு கால் பெருவிரல் வீங்குவதற்கு இதுவும் காரணம்.

எல்லாவற்றையும்விட அதிகம் ஏமாற்றுவது 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சோதனை. நீண்ட பட்டினிக்குப் பின் தசை குளுக்கோஸைத் தள்ளிவைக்கும். கணையமும் மந்தமாக இருக்கும். நோய் இல்லாதவருக்கும் இரண்டு மணி நேர எண் சர்க்கரை நோய் வரம்பில் வந்து நிற்கும். அதனால்தான் இந்தச் சோதனைக்கு முந்திய மூன்று நாளும் தினம் குறைந்தது 150 கிராம் மாவுச்சத்து சாப்பிட்டிருக்கவேண்டும் என்று நெறிமுறை. துவாதசியன்று இதைச் செய்யாதீர்கள். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம்.

நாழிகை

டி3 இறங்கினால் உடலின் செலவு உடனே படுத்துவிடுகிறதா?

ஆய்வகக்குடுவை

இல்லை. முதல் இரண்டு மூன்று நாளில் நார்அட்ரினலின் ஏறுகிறது. ஓய்வுநேரச் செலவு அப்படியே நிற்கிறது அல்லது சற்றுக் கூடுகிறது. சரிவு பிறகுதான். வளர்ச்சி ஹார்மோனும் இந்த நாட்களில் ஏறும். அது கொழுப்பைக் கரைத்துத் தசையைக் காக்கிறது.

வில்மேடு

பெண்கள் விஷயத்தில் ஒரு எண்ணை மனதில் வைக்கவேண்டும். கொழுப்பு நீங்கிய உடல் எடையில் கிலோவுக்கு நாளைக்கு 30 கலோரி. உணவிலிருந்து உடற்பயிற்சிச் செலவைக் கழித்த பிறகு மீதி அதற்குக் கீழே ஐந்து நாள் போனால், இளம் பெண்களில் கருமுட்டை வெளிவரத் தூண்டும் எல்ஹெச் ஹார்மோனின் துடிப்புத் தாளம் குலைந்தது என்று 2003-இல் அளந்து காட்டினார்கள். லெப்டின் இறக்கம், ஹைப்போதலாமஸில் இனப்பெருக்க ஹார்மோன்களைத் தூண்டும் கிஸ்பெப்டின் நரம்பணுக்கள் வழியாக, இங்கே வந்து சேர்கிறது. மாதம் இரண்டு ஏகாதசி இதைச் செய்யும் என்று நான் சொல்லவில்லை. விரதம், "டயட்", தினசரி ஓட்டம் மூன்றையும் அடுக்கும்போது மாதவிடாய் தள்ளிப்போனால் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

வைகுண்ட ஏகாதசிக் கண்விழிப்பையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். இரண்டு இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கியவர்களில் கிரெலின் 28 சதவீதம் ஏறி, லெப்டின் 18 சதவீதம் இறங்கியதாக 2004-இல் ஓர் ஆய்வு. சிறிய ஆய்வுதான். ஆனால் திசை தெளிவு. பட்டினியில் விழித்திருப்பது ஒப்பீட்டளவில் எளிது என்பதற்கும் உடலியல் காரணம் உண்டு: விழிப்பைத் தாங்கும் ஓரெக்சின் நரம்பணுக்களைக் குளுக்கோஸ் அமுக்கும், கிரெலின் தூண்டும். வரத்து நின்றால் அவை விழிப்பைக் கூட்டுகின்றன. உணவு தேடும் விலங்கு தூங்கக்கூடாதல்லவா.

உப்புக்கல்

பசி அல்லாத தொந்தரவுகளையும் பசி என்று எண்ணிக்கொள்கிறார்கள்.

இன்சுலின் இறங்கியதும் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைப்பதைக் குறைக்கிறது. சோடியம் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகிறது. ஒரு கிராம் கிளைக்கோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் கழன்று போகும். முதல் இரண்டு நாளில் எடை இயந்திரம் காட்டும் இழப்பில் பெரும்பகுதி இதுதான். எழுந்து நின்றதும் கண் இருட்டுவது ரத்த அழுத்த விஷயம். அதற்குத் தண்ணீரும் சிட்டிகை உப்பும்தான் தீர்வு. உப்பும் நீரும் தவிர்க்கும் விரதமென்றால் படுக்கையிலிருந்து இரண்டு கட்டமாக எழுங்கள், வெயிலில் பிரகாரம் சுற்றாதீர்கள். நீர்மாத்திரை சாப்பிடுபவர் தண்ணீர் குடிக்காத விரதம் இருக்கவே கூடாது.

தலைவலிக்குக் காப்பி காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். காஃபின் நிறுத்திய தலைவலி கடைசிக் காப்பிக்குப் பின் 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கும். உச்சம் 20 முதல் 51 மணிக்குள். தசமி மாலை 4 மணிக்குக் கடைசி டம்ளர் என்றால் ஏகாதசி காலையில் தொடங்கி அன்று பிற்பகலுக்கு மேல் இடிக்கும். ஒரு வாரம் முன்பிருந்தே இரண்டு நாளுக்கு ஒருமுறை கால் டம்ளர் குறைத்துக்கொண்டு வந்தால் இது வராது. ரமலான் நோன்பின் முதல் நாட்களிலும் இதே கதைதான்.

சர்க்கரைமேசை

மருந்து எடுப்பவர்களுக்கு, முன்பு சொன்னபடி.

கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகள் உணவு வந்ததா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைப் பிழிந்துவிடும். "இன்சுலின் இறக்கம்" என்ற முதல் சேதியையே இவை அழித்துவிடுகின்றன. கல்லீரல் ஆலை ஓடாது, கொழுப்பு கரையாது, கீட்டோனும் வராது. சர்க்கரை மட்டும் இறங்கும். மூளைக்கு இரண்டு எரிபொருளும் இல்லாத நிலை அது. ஊசி இன்சுலினும் அப்படியே. டாபாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் வகையில் ஆபத்து வேறு பக்கம்: சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டிருப்பதால் ரத்த எண் சாதாரணமாகத் தெரியும், உள்ளே கீட்டோன் அமிலம் ஏறிக்கொண்டிருக்கும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் வந்தால் சர்க்கரை எண்ணைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். ரத்தக் கீட்டோனைப் பார்க்கவேண்டும், உடனே மருத்துவமனை.

பீட்டா தடுப்பு மாத்திரை சாப்பிடுபவருக்குத் தாழ்சர்க்கரையின் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம்; வியர்வை தெரியும். அதை நம்புங்கள்.

ரமலான் நோன்புக்குச் சர்வதேச வழிகாட்டுதல் வைத்திருக்கும் கோடு இங்கேயும் பயன்படும்: ரத்தச் சர்க்கரை 70-க்குக் கீழே அல்லது 300-க்கு மேலே போனால், அல்லது உடல் சரியில்லை என்றால், நோன்பை முறிக்கவேண்டும். மருந்தின் அளவை மாற்றுவது விரதத்துக்குச் சில வாரம் முன்பே மருத்துவரோடு உட்கார்ந்து முடிவுசெய்வது. அன்று காலை நாமாக மாத்திரையை விழுங்காமல் விடுவது அல்ல.

கஞ்சிப்பானை

பாரணைக்கு வருவோம். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் என்று வழக்கம். ஆனால் பல வீடுகளில் கூடவே வடை, பாயசம், முழுச் சாப்பாடு. அரை மணியில் வயிறு உப்பி, தூக்கம் சுழற்றுகிறது. அளவு எப்படி வைப்பது?

வில்மேடு

நிறைவுச் சேதி தாமதமாக வருவதுதான் சிக்கல். சிறுகுடலின் மேற்பகுதியிலிருந்து வரும் சிசிகே என்ற நிறைவு ஹார்மோன் சில நிமிடத்தில் வேகஸ் நரம்பைத் தட்டும். குடலின் கீழ்ப்பகுதியிலிருந்து அதிகம் வரும் ஜிஎல்பி-1, பிஒய்ஒய் என்ற நிறைவு ஹார்மோன்கள் இரண்டும் நன்கு ஏற இன்னும் நேரமாகும். லெப்டின் அன்று முழுக்கத் தாழ்வாகவே இருக்கும். பல மணி நேரம் கழித்துத்தான் மீளும். லெப்டின் தாழ்ந்திருந்தால் சிசிகேயின் "போதும்" மூளைத்தண்டில் வலுவிழக்கிறது. எனவே முதல் கால் மணியில் கை தானாக நிற்காது. அளவை முன்கூட்டியே எடுத்துவைக்கவேண்டும். தண்ணீர் ஒரு டம்ளர், உப்புப் போட்ட நீர்த்த கஞ்சி 200 மி.லி., 20 நிமிட இடைவெளி, பிறகு சாதம், பருப்பு, கீரை வழக்கத்தில் பாதி. நெய்யும் பொரித்ததும் மதியத்துக்கு. பாயசத்தை முதலில் குடித்தால் தசை இன்னும் குளுக்கோஸை ஏற்கத் தயாராகாத நேரத்தில் சர்க்கரை உயரமாக ஏறும். மேலே ஆய்வகக்குடுவை சொன்ன அதே காரணம்.

உப்புக்கல்

36 மணிக்கு, நலமானவருக்கு, இவ்வளவு போதும். ஆனால் பத்து நாளுக்கு மேல் அநேகமாக ஒன்றும் சாப்பிடாதவர், உடல் நிறை எண் 16-க்குக் கீழே உள்ளவர், மது அடிமைத்தனம் உள்ளவர் போன்றோருக்கு நிலைமை வேறு. திடீரென்று மாவுச்சத்து உள்ளே போனால் இன்சுலின் பாய்ந்து பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தை ரத்தத்திலிருந்து செல்லுக்குள் இழுத்துவிடும், தயமினும் (வைட்டமின் பி1) தீர்ந்துபோகும். இதயத் தாளம் கெடும், குழப்பம் வரும். இவர்களுக்கு மருத்துவமனையில் முதலில் தயமின், பிறகு கிலோவுக்கு நாளைக்கு 10 கலோரிக்கு மிகாமல் தொடக்கம், தினமும் ரத்தச் சோதனை. 382 நாள் பட்டினி இருந்த ஸ்காட்லாந்தின் ஆங்கஸ் பார்பியேரியை இணையத்தில் மேற்கோள் காட்டுபவர்கள், 1965, 66-இல் டண்டீ நகர மருத்துவர்கள் அவருக்கு வைட்டமின்களும், இடையில் பொட்டாசியமும் கொடுத்துக் கண்காணித்ததைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

நாழிகை

கடைசியாக ஒன்று. கந்த சஷ்டிக்கு ஆறு நாள் பாலும் பழமும் மட்டும் எடுப்பவர்கள் உண்டு. அது ஏகாதசியின் நான்கு மடங்கா, வேறு கணக்கா?

சர்க்கரைமேசை

வேறு கணக்கு. 1946-இல் ஜேம்ஸ் கேம்பிள், கப்பல் மூழ்கி உயிர்காப்புப் படகில் தத்தளிப்பவர்களுக்கு என்ன உணவு வைக்கவேண்டும் என்று ஆராய்ந்தபோது, பட்டினியில் நாளைக்கு 100 கிராம் குளுக்கோஸ் கொடுத்தாலே உடல் புரத இழப்பு ஏறத்தாழப் பாதியாகிறது என்று கண்டார். மூளையின் ஒரு நாள் தேவையும் அதே அளவுதான் என்பதைக் கவனியுங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் மாவுச்சத்து; நான்கு பழம் அந்த நூறைத் தந்துவிடும். அரை லிட்டர் பாலில் 16 கிராம் புரதம். இப்படி எடுப்பவருக்கு இன்சுலின் முழுக்க அடங்காது, கீட்டோன் பெரிதாக ஏறாது, சிறுநீரகம் உப்பை அந்த அளவுக்கு விடாது. லெப்டின் இறங்கும், ஏனென்றால் மொத்தக் கலோரி 800-ஐத் தாண்டுவது அரிது.

பசி அலைகளும் பழக்கப்பட்ட நேரங்களில் வரும். அதனால் பழத்தைக் கண்ட நேரத்தில் கொறிக்காமல், மதியம் 12.30-க்கும் இரவு 7.30-க்கும் பிரித்து வைத்து, பாலைப் பழத்தோடு சேர்த்தே குடித்தால் ஒவ்வோர் அலையின் முன்னாலும் குடலில் கொஞ்சம் கலோரி இருக்கும். ஆறு நாளும் ஒரே நேரத்தை வையுங்கள்.